நாய்க்குப் பச்சைக் கறி கொடுக்கத் தொடங்கும் முன்

இருபது கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். காலையும் மாலையும் சிறிது நடை, மற்ற நேரம் பெரும்பாலும் தூக்கம். இதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோ கலோரி போதும். பாக்கெட்டில் வரும் உலர் உணவு என்றால் 280 கிராம் அளவில் அது கிடைத்துவிடும். அதை நிறுத்திவிட்டுத் தோலும் எலும்பும் நீக்கிய பச்சைக் கோழிக்கறி மட்டும் கொடுத்தால் 800 கிராமுக்கு மேல் வேண்டும். அந்த 800 கிராமில் கால்சியம் அதிகம் போனால் 80 மில்லிகிராம் இருக்கும். நாய்க்குத் தேவையோ 1,250 மில்லிகிராம். பாஸ்பரஸ் மட்டும் 1,500 மில்லிகிராம் அளவுக்கு உள்ளே போகும். இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ, கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பங்கு கால்சியத்துக்கு இருபது பங்கு பாஸ்பரஸ் என்று ஆகிவிடுகிறது.

நாய் உணவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஓநாயிலிருந்து தொடங்குவார்கள். நான் கால்சியத்திலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. உலர் உணவைக் கைவிட்டுப் பச்சைக் கறிக்கு மாறும் வீடுகள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் இப்போது கண்ணில் படுகின்றன. மாறுகிறவர்கள் எல்லோருமே நாயின்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் அந்தப் பாக்கெட்டுக்குள் இருந்தது உருண்டைகள் மட்டுமல்ல, முப்பதுக்கும் மேற்பட்ட சத்துகளின் கணக்கும்தான் என்பதும், இனி அந்தக் கணக்கைத் தாங்களே போட வேண்டும் என்பதும் பலருக்கும் சொல்லப்படுவதில்லை. பச்சைக் கறி நல்லதா கெட்டதா என்ற சண்டையைவிட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

உலர் உணவின் வரலாறு அப்படியொன்றும் பழையதல்ல. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் கோதுமை, காய்கறி, மாட்டு ரத்தம் சேர்த்துச் செய்த நாய் பிஸ்கட்டை விற்கத் தொடங்கினார். கப்பல் பயணத்துக்காகச் சுடப்படும் கெட்டி பிஸ்கட்டுகளைத் துறைமுகத்து நாய்கள் தின்பதைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். பிறகு டப்பாவில் அடைத்த இறைச்சி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்கும் இறைச்சிக்கும் தட்டுப்பாடு வந்தபோது டப்பாக்கள் மறைந்து, உலர் உணவு முன்னுக்கு வந்தது. 1950களில் அமெரிக்காவின் ப்யூரினா நிறுவனம், காலை உணவுத் தானியங்களைப் பொரிக்கப் பயன்பட்ட இயந்திர முறையை நாய் உணவுக்குக் கொண்டுவந்தது. மாவையும் இறைச்சித் தூளையும் நீராவியில் வேகவைத்து, பெரும் அழுத்தத்தில் ஒரு துளை வழியாகப் பிதுக்கி, வெளியே வந்ததும் உப்பவிட்டு, உலர்த்தி, மேலே கொழுப்பைத் தெளிக்கும் முறை அது. இன்று கடையில் வாங்கும் உருண்டைகளும் ஏறக்குறைய இப்படித்தான் உருவாகின்றன. உருண்டை உப்பவும் உதிராமல் நிற்கவும் மாவுச்சத்து அவசியம். உலர் உணவில் அரிசி, சோளம், கோதுமை, உருளைக்கிழங்கு ஏதேனும் ஒன்று பெரும் பங்கில் இருப்பதற்கு விலை ஒரு காரணம், இயந்திரத்தின் தேவை இன்னொரு காரணம்.

இதற்கு எதிரான குரல் ஆஸ்திரேலியாவில் எழுந்தது. இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற கால்நடை மருத்துவர், பச்சை எலும்பும் கறியும் காய்கறியும் கொண்ட உணவை 1993இல் ஒரு நூலாகவே எழுதி முன்வைத்தார். ‘பார்ஃப்’ என்று இன்று உலகெங்கும் அழைக்கப்படும் முறை அதிலிருந்து பரவியது. அதைப் பரப்பியதில் தொழிற்சாலைகளுக்கும் பங்கு உண்டு. 2007 மார்ச்சில், சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததால் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. கோடிக்கணக்கான டப்பாக்களும் பைகளும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 2020 இறுதியில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின் கலந்த சோளத்தால் செய்யப்பட்ட உலர் உணவு, பல பத்து நாய்களின் உயிரைக் குடித்தது. இவற்றைப் படித்த ஒருவர், தன் கண்ணெதிரே வெட்டிய கறியை நம்புவதில் வியப்பில்லை. அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், சில கடைகளில் மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோக் கணக்கில் அள்ளி விற்கும் உலர் உணவை நானும் வாங்க மாட்டேன்.

ஓநாயும் கூழும்

நாய் ஓநாயின் வழி வந்தது, ஆகவே பச்சைக் கறிதான் அதன் உணவு என்ற வாதத்தைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்சல்சன் குழுவினர் 2013இல் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இதில் தெளிவானது. மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள் மட்டுமே. நாய்களுக்கு நான்கிலிருந்து முப்பது வரை. மனிதன் பயிரிடத் தொடங்கியபின் அவன் எறிந்த மிச்சத்தைத் தின்று நாயின் உடல் மாறியிருக்கிறது. வேளாண்மை எட்டாத ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோவுக்கு இன்றும் ஓநாயைப்போல இரண்டே பிரதிகள். கேழ்வரகுக் கூழிலும் கம்பங்கூழிலும் வளர்ந்து முயல் வேட்டையாடிய நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

அதற்காகச் சோறு மட்டுமே போதும் என்று ஆகிவிடாது. தயிர்ச்சோறும் பால்சோறும் தின்று வளரும் நாய்களுக்குப் புரதமும் கொழுப்பமிலங்களும் துத்தநாகமும் குறைவதை, சொரசொரப்பான ரோமத்திலும் செதில் உதிரும் தோலிலும் பார்க்கலாம். அப்படி வளர்ந்த நாய் கறிக்கு மாறியதும் பளபளப்பாவது இயல்பு. அந்தப் பளபளப்புக்குக் கறி பச்சையாக இருந்தது காரணமா, கறி கிடைத்ததே காரணமா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பச்சை உணவின் நன்மைகளில் உறுதியானவையும் உண்டு. இறைச்சிப் புரதம் நன்றாகச் செரிக்கிறது, மலம் அளவில் குறைந்து கெட்டியாகிறது, நாற்றமும் குறைகிறது. நாய்கள் ஆசையாகத் தின்கின்றன. உலர் உணவில் ஈரம் பத்து விழுக்காடு என்றால் பச்சைக் கறியில் எழுபது விழுக்காடு, அதனால் தண்ணீர் குடிப்பது குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் அன்னா ஹீல்ம்-பியோர்க்மன் தலைமையில் இயங்கும் குழு, குட்டிப் பருவத்தில் பதப்படுத்தாத இறைச்சியும் வீட்டுச் சாப்பாட்டின் மிச்சமும் தின்ற நாய்களுக்குப் பிற்காலத்தில் தோல் ஒவ்வாமையும் நாள்பட்ட குடல் நோயும் குறைவாக இருப்பதாகக் கண்டது. மதிக்கத்தக்க ஆய்வுகள்தான். ஆனால் அவை உரிமையாளர்கள் நிரப்பிய வினாத்தாள்களை நம்பியவை. பச்சைக் கறி கொடுக்கும் வீட்டில் வேறு பலவும் மாறுபட்டிருக்கும். தொடர்பு இருப்பதைத்தான் அவை காட்டுகின்றன, காரணம் இதுதான் என்று நிறுவவில்லை.

பாக்கெட்டின் மேல் அச்சிட்ட விழுக்காட்டைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. உறைந்த பச்சை உணவில் புரதம் 15 விழுக்காடு என்றும் உலர் உணவில் 22 விழுக்காடு என்றும் இருந்தால், இரண்டாவதுதான் புரதம் மிகுந்தது என்று தோன்றும். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் முதலாவது 50 விழுக்காடு, இரண்டாவது 24தான்.

எலும்பு என்னும் கணக்கு

பச்சை உணவுக்காரர்கள் கால்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கிறார்கள். அவர்களிடையே புழங்கும் சூத்திரம் எளிது: பத்தில் எட்டுப் பங்கு தசைக்கறி, ஒரு பங்கு தின்னக்கூடிய எலும்பு, அரைப் பங்கு ஈரல், அரைப் பங்கு மண்ணீரல், சிறுநீரகம் போன்ற வேறு உறுப்புகள். இந்த விகிதத்தில் எலும்பு ஒழுங்காகச் சேர்ந்தால் கால்சியக் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். கோழிக் கழுத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு. மேலே சொன்ன நாய்க்கு 200 கிராம் கழுத்தும் மிச்சம் கறியுமாகக் கொடுத்தால் பொருந்தும்.

எலும்பு வேண்டாம் என்பவர்களுக்கு முட்டை ஓடு இருக்கிறது. ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை என்றே சொல்லலாம். கறியில் பாஸ்பரஸ் ஏற்கெனவே குவிந்து கிடப்பதால் இது பொருத்தமாக அமைகிறது. ஓட்டைக் கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, 800 கிராம் கறிக்கு ஒரு ஓட்டின் தூள் வீதம் கலந்தால் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறத்தாழ 1.4க்கு 1 என்று வரும். கொரகொரப்பாக நொறுக்கிப் போட்டால் அப்படியே வெளியேறிவிடும். விரலில் தேய்த்தால் மணல்போல உறுத்தாமல் பவுடர்போல இருக்க வேண்டும்.

கால்சியம் குறைந்தால் என்ன ஆகும்? உடல் ரத்தத்தில் கால்சியம் குறைய விடாது. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாகவே வரும், எலும்புகளோ உள்ளே மெலிந்துகொண்டு போகும். வளர்ந்த நாயில் இது தெரிய மாதங்கள் ஆகலாம். வளரும் குட்டியில், அதிலும் லாப்ரடார், கிரேட் டேன், ராஜபாளையம் போன்ற பெரிய உடல்வாகு கொண்ட குட்டிகளில், சில வாரங்களிலேயே கால் வளைவதும், நொண்டுவதும், ஒரு சிறு குதியில் எலும்பு முறிவதும் நடக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு மங்கலாகத் தெரியும். பயந்துகொண்டு கால்சியம் டானிக்கை அளவின்றி ஊற்றுவதும் அதே குட்டிகளுக்குக் கேடுதான். பெரிய இனக் குட்டிகளால் மிகுதியான கால்சியத்தை ஒதுக்கித் தள்ள முடியாது, மூட்டும் எலும்பும் தாறுமாறாக வளரும். குட்டிக்கு ஒரு வயது நிறையும்வரை, பெரிய இனம் என்றால் ஒன்றரை வயதுவரை, வீட்டுக் கணக்கில் பச்சை உணவு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். கொடுத்தே தீர வேண்டும் என்றால் கால்நடை ஊட்டச்சத்து படித்த ஒருவர் எழுதிக்கொடுத்த அளவின்படிதான் கொடுக்க வேண்டும்.

கால்சியம் சரியானாலும் கணக்கு முடிவதில்லை. கோழிக்கறியில் துத்தநாகமும் மாங்கனீசும் அயோடினும் வைட்டமின் ஈ, டி ஆகியவையும் போதாது. மாட்டுக்கறி சேர்த்தால் துத்தநாகம் ஓரளவு ஈடாகும். நாளும் ஒரே கோழியைக் கொடுப்பது தினமும் ஒரே குறையைக் கொடுப்பதாகும். ஈரல் சத்துச் சுரங்கம். அதனாலேயே மலிவாகக் கிடைக்கிறதென்று அள்ளிக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி மூட்டையும் கழுத்தெலும்பையும் பாதிக்கும். மூச்சுக்குழலோடு சேர்ந்த தொண்டைக் கறியை அதிகம் தின்ற நாய்களுக்கு, அதில் ஒட்டியிருந்த தைராய்டு சுரப்பியால் தைராய்டு அளவு ஏறியதை ஜெர்மானிய மருத்துவர்கள் 2012இல் பதிவு செய்திருக்கிறார்கள். உணவை மாற்றியதும் சரியாகிவிட்டது. இவற்றை எல்லாம் நினைவில் வைக்க முடியாது என்று தோன்றினால், வீட்டு உணவுக்கென்றே வரும் தாது, வைட்டமின் கலவையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் சேர்ப்பது உத்தமம்.

கறிக்கடையின் கட்டை

பச்சை உணவை ஆதரித்து வெளிநாட்டில் எழுதப்படுபவை, ஆலையில் அரைத்து உடனே உறையவைத்த கறியை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. அந்தக் கறியிலேயே நோய்க்கிருமிகளின் நிலைமை எப்படி என்று பாருங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2018இல் எட்டு நிறுவனங்களின் 35 உறைந்த பச்சை உணவுகளைச் சோதித்து வெளியிட்ட முடிவில், 19இல் லிஸ்டீரியா, 7இல் சால்மோனெல்லா, 8இல் மனிதருக்கு ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் ஓ157 வகை ஈ.கோலை இருந்தன. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ.கோலை 28இல் இருந்தது. உறையவைத்தால் ஒட்டுண்ணிகள் பல இறக்கும். சால்மோனெல்லா இறக்காது, உறங்கும்.

இனி நம் தெருமுனைக் கோழிக்கடையை எண்ணிப் பாருங்கள். அறுத்த கோழி நீல நிற டிரம்முக்குள் துடித்து அடங்குகிறது. தோலுரித்ததும் அதே கை குடலை உருவுகிறது. பக்கத்து வாளித் தண்ணீரில் கறியை ஒரு முக்கு, கையை ஒரு முக்கு. காலையிலிருந்து அதே வாளிதான். வெட்டுவது புளியங்கட்டையின் மேல். கத்தி பட்டுப் பட்டுப் பள்ளமாகி, அதன் வெடிப்புகளில் நேற்றைய ரத்தமும் உறைந்திருக்கும் கட்டை அது. சித்திரை மாத நண்பகலில் அந்தக் கறி கொக்கியில் ஒரு மணி நேரம் தொங்கினால் கிருமி எவ்வளவு பெருகும் என்று சொல்லத் தேவையில்லை. நம் சமையலில் இது எதுவும் பெரிய பிழையாவதில்லை, ஏனென்றால் நாம் அதைக் கொதிக்கக் கொதிக்க வேகவைக்கிறோம். கடைக்காரரும் வேகவைக்கப்படும் என்று நம்பித்தான் விற்கிறார். அந்தக் கறியை வேகவைக்காமல் வைப்பது அந்தக் கடையின் ஏற்பாட்டுக்கே வெளியே போவது. மஞ்சள் தூள் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்பது நம்பிக்கைதான். குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர், பக்கத்தில் வைத்திருக்கும் தட்டுகளுக்கும் கிருமியைக் கொண்டு சேர்க்கும்.

‘நாயின் வயிற்று அமிலம் எதையும் எரித்துவிடும்’ என்பார்கள். நாய்க்கு நோய் வராமல் போகலாம், அது உண்மைதான். கனடாவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சால்மோனெல்லா கலந்த பச்சை உணவைத் தின்ற 16 நாய்களில் எதற்கும் உடம்புக்கு வரவில்லை. ஆனால் 7 நாய்கள் அதைச் சில நாள்கள் மலத்தில் வெளியேற்றின. நோயில்லாத அந்த நாய்தான் குழந்தையின் முகத்தை நக்குகிறது. 2017இல் இங்கிலாந்தில் நான்கு பேருக்கு ஓ157 ஈ.கோலைத் தொற்று வந்து ஒருவர் இறந்ததை விசாரித்தபோது, நாய்க்குக் கொடுத்த பச்சைக் குடல்கறியோடு அது தொடர்புபட்டது தெரியவந்தது. நாய்க்கே ஆபத்து வருவதும் உண்டு: கழுத்தும் காலும் தளர்ந்து படுத்துவிடும் ஒரு நரம்புவாத நோய்க்கும் பச்சைக் கோழிக்கறிக்கும் தொடர்பு இருப்பதை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தினர் 2018இல் காட்டினார்கள். கோழியில் சர்வசாதாரணமாக இருக்கும் கேம்பிலோபாக்டர் கிருமி அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு அதிகக் கவலை தருவது ஆட்டு ஈரலும் நுரையீரலும்தான். எகினோகாக்கஸ் என்ற நாடாப்புழு இந்தியாவில் கால்நடைகளிடம் பரவலாக இருக்கிறது. ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் அது நீர்க்கட்டியாக வளரும். கட்டியுள்ள உறுப்பைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்களாகும். நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதன் மலத்தோடு வெளியேறும் முட்டை ரோமத்தில் ஒட்டி, தடவிய கையில் ஏறி, நம் வாய்க்குள் போனால் நம் ஈரலில் கட்டி வளரத் தொடங்கும். பல ஆண்டுகள் கழித்து ஸ்கேனில் ஆரஞ்சுப் பழ அளவில் தெரியும். கடைக்காரர் நாய்க்கென்று தனியே ஒதுக்கித் தரும் மலிவான உள்ளுறுப்புகளில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் மனிதருக்கு விற்க முடியாதென்று ஒதுக்கப்பட்டவையும் அதில் இருக்கலாம். ஆட்டு, மாட்டு உள்ளுறுப்புகளை நன்கு வேகவைக்காமல் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. குடற்புழு மருந்திலும் பிராசிகுவாண்டல் இருந்தால்தான் இந்தப் புழு சாகும். சாதாரணப் பூச்சி மருந்து போதாது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பச்சை இறைச்சி உணவைத் தவிர்க்கச் சொல்லி 2012இல் நிலைப்பாடு எடுத்ததற்கு இத்தகைய தொற்றுகள்தான் காரணம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டில் பச்சைக் கறி வேண்டாம். ஸ்டீராய்டு மருந்தில் இருக்கும் நாய்க்கும், கணையமோ சிறுநீரகமோ பழுதான நாய்க்கும் வேண்டாம்.

மாற்றும் முறை

இத்தனைக்குப் பிறகும் மாற விரும்புகிறவர், ஆரோக்கியமான வளர்ந்த நாயை மெல்ல மாற்றலாம். முதலில் மருத்துவரிடம் காட்டி, எடை எடுத்து, மலப் பரிசோதனையும் குடற்புழு நீக்கமும் முடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரே வகைக் கறி, அதுவும் கொழுப்புக் குறைந்தது. முதல் இரண்டு மூன்று நாள்கள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு முக்கால், பத்து நாள்களில் முழுதும். வயிறு மென்மையான நாய்க்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. உலர் உணவையும் பச்சைக் கறியையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் விஷமாகும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் செரிக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. பட்டினி போட்டு ஒரே நாளில் மாற்றுவதற்குத்தான் அந்தப் பேச்சு சாக்காகிறது.

ஈரலை முதல் வாரம் தொடாமல், பிறகு சிறு துண்டாகத் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் கொடுத்தால் பேதியாகும். தோலும் கொழுப்புமாகக் கொடுத்தால் சில நாய்களுக்குக் கணைய அழற்சி வரும். வாந்தியெடுத்து, முதுகை வளைத்து, வயிற்றைத் தொட விடாமல் நின்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த நாள்களில் மலம்தான் உங்களுக்குத் தகவல் சொல்லும். ஓரிரு நாள் இளகுவது இயல்பு. வெண்மையாகிச் சுண்ணாம்புபோலப் பொடிந்தால் எலும்பு அதிகம். கறுத்து இளகினால் உறுப்புக்கறி அதிகம். ரத்தமோ சளியோ கண்டால், பேதி மூன்றாம் நாளும் நிற்காவிட்டால் பழைய உணவுக்குத் திரும்ப வேண்டும். ‘உடலில் தேங்கிய நஞ்சு வெளியேறுகிறது, பொறுத்திருங்கள்’ என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பேதி பேதிதான்.

அளவைப் பொறுத்தவரை உடல் எடையில் இரண்டு, மூன்று விழுக்காடு என்ற விதி எங்கும் சொல்லப்படுகிறது. இருபது கிலோ நாய்க்கு 400இலிருந்து 600 கிராம். தோல் நீக்கிய கோழி என்றால் அதில் 480இலிருந்து 720 கிலோ கலோரிதான் கிடைக்கும், நாய் மெலியும். கொழுப்பு மிகுந்த கறி என்றால் அதே எடையில் தேவையைத் தாண்டிவிடும். விதியை நம்புவதைவிட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, விலா எலும்பை விரலால் தடவிப் பார்த்துக் கூட்டிக் குறைப்பதே சரி.

எலும்பில் மூன்று விஷயங்கள். வேகவைத்த எலும்பு கூர்மையாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும், பிரியாணி எலும்பானாலும் கூடாது. மாட்டின் தொடை எலும்பு, நல்லி எலும்பு போன்றவை உடல் எடையைத் தாங்கியவை, கல்போலக் கெட்டியானவை. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பாளமாகப் பெயர்ந்து வருவது இவற்றால்தான். கோழிக் கழுத்தையும் அவசர அவசரமாக விழுங்கும் நாய்க்கு முழுதாகக் கொடுக்காமல் அரைத்துக் கொடுக்க வேண்டும். எலும்பு கடித்தால் பல்லில் காரை குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் ஈறுக்கு அடியில் உள்ள நோயை அது தொடுவதில்லை.

எவர்சில்வர் கிண்ணம், தனிக் கத்தி, தனிப் பலகை. உறைந்த கறியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடிவைத்து இளக்க வேண்டும், சமையல் மேடையில் வைத்து அல்ல. இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் முடியாதவர்களுக்கு, என்னைக் கேட்டால் நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு, வேகவைத்த வீட்டு உணவு போதும். பச்சைக் கறிக்கு மாற நினைப்பவர்கள் விரும்புவதில் பெரும்பகுதி அதிலேயே கிடைக்கிறது: கண்ணெதிரே வாங்கிய கறி, ஈரமான உணவு, நல்ல புரதம், நாயின் ஆசை. உப்பும் காரமும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கறியை வேகவைத்து, எலும்பை முழுதும் பொறுக்கி எடுத்துவிட்டு, வெந்த நீரையும் கொட்டாமல் சேர்த்து, கொஞ்சம் சோறும் பூசணியும் பிசைந்து கொடுக்கலாம். வேகவைத்ததால் கால்சியக் கணக்கு மாறிவிடாது; முட்டை ஓட்டுத் தூளும் தாதுக் கலவையும் இங்கேயும் வேண்டும். முழுதாக விட மனமில்லை என்றால் ஒரு வேளை நல்ல உலர் உணவும் ஒரு வேளை வேகவைத்த கறியுமாகவும் வைக்கலாம். தேவையான கலோரியில் பாதிக்கு மேல் உலர் உணவிலிருந்து வரும்வரை சத்துக் குறைவு பெரிதாக நேராது.

எதற்கு மாறினாலும் மூன்று மாதம் கழித்து மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது அவசியம். போகும்போது ஒரு வாரம் கொடுத்தவற்றைக் கிராம் கணக்கில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று சொன்னால் அதோடு எழுந்து வராமல், அந்தத் தாளை அவர் முன் வைத்து, கால்சியம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.